ஒரே நாளில் வெற்றியும் தோல்வியும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு வசதி உண்டு. போதுமான கையெழுத்துகளைத் திரட்டினால், சட்டமன்றத்துக்குப் போகாமலே ஒரு சட்டத்தை நேரடியாக மக்கள் வாக்குக்கு விடலாம். இதை முழுமூச்சாகப் பயன்படுத்தியவர் ஜான் பிரிக்ஸ். ஆரஞ்சு கவுன்டியைச் சேர்ந்த இந்தக் குடியரசுக் கட்சிக்காரர் முதலில் மாநிலக் கீழவையில் இருந்தார், பிறகு மாநில செனட்டர் ஆனார்.

1978 நவம்பர் 7 அன்று அவர் முன்னெடுத்த இரண்டு முன்மொழிவுகள் வாக்கெடுப்புக்கு வந்தன. ஒன்று, தன்பாலின ஈர்ப்புடைய ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளிலிருந்து நீக்க வழிசெய்வது. தனிமனித உரிமையில் அரசு தலையிடுவதா என்று அதை எதிர்த்தார், பழமைவாதிகளின் தலைவரான ரொனால்டு ரீகனே! பிரிக்ஸ் எதிர்பார்த்திருக்க மாட்டார். சுமார் 58 சதவீத வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள்.

மற்றொன்று, மரண தண்டனைக்குரிய குற்றங்களை விரிவாக்கியது. அதற்கு அமோக ஆதரவு. பிரிக்ஸ் என்றதும் பலர் அந்தத் தோல்வியைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் நிலைத்தது இந்த வெற்றிதான். கலிஃபோர்னியாவின் மரண தண்டனைச் சட்டத்துக்கு இன்றும் அதுவே அடித்தளம். அங்கே கடைசியாகத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 2006இல்.