மணலில் ஒரு வாரம்

பிற்பகல் மூன்று மணி. பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் காத்து நிற்கிறார்கள். கதவு திறந்ததும் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, பாவாடையெல்லாம் செம்மண்ணாக ஓடி வருகிறாள். அம்மா குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. பையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கிறாள். பக்கம் காலியாக இருக்கிறது.

"ஏட்டி, இன்னைக்கு என்ன எழுதுன?"

"ஒண்ணும் எழுதலம்மா. மண்ணுல விளையாண்டேன்!"

அம்மாவின் முகம் சுருங்கி விடுகிறது. அடுத்த தெருவிலே அதே வயசுக் குழந்தை, வேனில் ஏறிப் போய், 'ஏ' முதல் 'இஸட்' வரை எழுதித் தள்ளுகிறதாமே! நம் வீட்டுப் பெண் மண்ணில் புரண்டு விட்டு வருகிறாளே!

அந்த அம்மா நீங்களாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். அந்தக் காலிப் பக்கத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்து கொண்ட பிறகு நாம் கோபித்துக் கொள்ளலாம். வாருங்கள், சாத்தான்குளத்தில் ஒரு பாலர் வகுப்புக்குள் மனக்கண்ணால் எட்டிப் பார்ப்போம். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். அங்கன்வாடியாகவும் இருக்கலாம், எல்.கே.ஜி.யாகவும் இருக்கலாம். பொறுமையுள்ள ஓர் ஆசிரியை, கொஞ்சம் மணல், நாலு பனைமரம் இருந்தால் போதும். பின்னால் சொன்ன இரண்டுக்கும் இந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை! மாதம் ஆனி; தென்மேற்குக் காற்று ஊளையிடுகிறது.

திங்கள்: மணல்

சாத்தான்குளத்திலிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் போனால் தேரிக்காடு வருகிறது. இரும்புச் சத்தினால் சிவந்த மணல், மேடு மேடாகக் குவிந்து கிடக்கும். அந்த மணலில் இரண்டு படி, வகுப்பில் ஓர் அகலத் தட்டில் பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகள் விரலால் ஒரு கோடு இழுக்கிறார்கள். நிற்கிற கோடு; படுத்திருக்கிற கோடு. இரண்டையும் சேர்த்தால் 'ட'. பிடிக்கவில்லையா? தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் போயிற்று! ரப்பரும் வேண்டாம், திட்டும் இல்லை.

இது மேல்நாட்டு நாகரிகம் என்று எண்ணி விடாதீர்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சொத்து இது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை 1789-லிருந்து நடத்தி வந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதிசயித்து, தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகள் பலவற்றில் அது பரவியது. நாம் கப்பலேற்றி அனுப்பி விட்டு மறந்து போனோம்!

மணல் ஏன், பென்சில் ஏன் கூடாது? குழந்தையின் மணிக்கட்டை ஒரு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். அதற்குள் எட்டுச் சிறு எலும்புகள் இருக்க வேண்டும். நாலு வயதில் சுமார் பாதிதான் எலும்பாக இறுகியிருக்கும். மற்றவை இன்னும் குருத்தெலும்புதான். அந்தப் பிஞ்சுக் கையில் பென்சிலைத் திணித்து, பக்கம் பக்கமாக எழுது என்கிறோம். கை வலிக்கிறது என்று சொல்லக் கூட அதற்குத் தெரிவதில்லை. "எழுத மாட்டேன்" என்று அழுகிறது. நாம் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைக்கிறோம்.

செவ்வாய்: ஓலை

இன்று குருத்தோலை வந்திருக்கிறது. குழந்தைகள் அதை மடிக்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுகிறார்கள். உடைமுள்ளைக் குத்தும் வேலை மட்டும் ஆசிரியையுடையது. காற்றாடி தயார். வாசலுக்குப் போய்க் காற்றுக்கு எதிரே நீட்ட வேண்டியதுதான், 'விர்'ரென்று சுற்றுகிறது! ஒரு பையனுடையது சுற்றவில்லை. அவன் அழவில்லை, திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்க்கிறான். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அவனுக்கு இனி ஆயுசுக்கும் மறக்காது.

ஜெர்மனியில் பிரெடரிக் ஃப்ரோபல் என்பவர் 1837-ல் சிறு குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1840-ல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டினார். அங்கே முக்கியமான பாடங்களில் இரண்டு எவை தெரியுமா? காகிதம் மடிப்பதும், காகிதப் பட்டைகளைப் பாய் போல் பின்னுவதும். நம் ஆச்சிமார் பனை ஓலையில் கொட்டானும் பெட்டியும் முடைந்தார்களே, அதே விரல் வித்தை!

புதன்: சிப்பி

தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-ஓடு நின்று விட்டது. ஆனால் கரையில் ஒதுங்கும் வெற்றுச் சிப்பிகளுக்குக் குறைவில்லை. கூடை நிறையச் சிப்பி; பக்கத்தில் பனங்கொட்டை. பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம். வழுவழுப்பானது இங்கே, சொரசொரப்பானது அங்கே. அந்தக் காலத்து முத்து வியாபாரிகள் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து முத்துக்களை அளவு வாரியாகப் பிரித்தார்கள். அதே கணக்குத்தான் இங்கேயும் நடக்கிறது. 'நூறு வரை சொல்லு' என்றால் கிளிப்பிள்ளை போல ஒப்பித்து விடலாம். 'ஆளுக்கு மூன்று சிப்பி கொடு' என்றால் அல்லவா கணக்கு வரும்!

ஓர் எச்சரிக்கை, தாய்மார்களே. வீட்டில் இதைச் செய்யும்போது புளியங்கொட்டை, குன்றிமணி போன்ற பொடிப் பொருள்களைச் சின்னக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். அவை மூக்குக்குள் போய்விடும். பிறகு டாக்டர் வீட்டுக்கு ஓட வேண்டியதுதான். வாயிலும் மூக்கிலும் நுழையாத அளவுள்ளதாகப் பார்த்துக் கொடுங்கள்.

வியாழன்: பேச்சு

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். இன்று ஆசிரியை ஒரு கருப்பட்டியை நடுவில் வைத்து, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறாள். "கடையிலேருந்து!" என்று எல்லாரும் கத்துகிறார்கள். மூலையில் இருந்த பையன் மெல்ல எழுந்திருக்கிறான். "இல்ல. எங்க அப்பா பனை ஏறுவாவ. கலயத்துல சுண்ணாம்பு தடவிக் கட்டுவாவ. பதனி எறக்குவாவ. எங்க அம்மை காய்ச்சுவா. செரட்டையில ஊத்துவா. அப்புறந்தான் கருப்பட்டி!"

வகுப்பு வாயடைத்துப் போகிறது. முன்னால் நடந்தது எது, பின்னால் நடந்தது எது என்று வரிசை தப்பாமல் சொல்லி விட்டானே! நாளைக்கு ஒரு புத்தகத்தைப் படித்துப் புரிந்து கொள்வதற்கு இதுதான் அஸ்திவாரம். அவன் வீட்டுப் பேச்சைக் கேட்டு ஆசிரியை சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. சிரித்திருந்தால் அந்த வாய் மறுபடி மூடியிருக்கும்.

வெள்ளி: கைவேலை

செம்பிலிருந்து தம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பித்தான் போடுவது, சாப்பாட்டு நேரத்தில் தட்டுகளை எடுத்து வைப்பது. 'இதுவும் ஒரு படிப்பா?' என்கிறீர்களா? டாக்டர் மரியா மாண்டிஸோரி இதைத்தான் படிப்பின் முதற்படி என்றார்.

ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் 1907-ல் பள்ளி தொடங்கிய அந்த அம்மையார், ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். அடுத்த வருஷம் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும், அவருடைய மகன் மாரியோவைச் சர்க்கார் காவலில் வைத்து விட்டது. 1940 ஆகஸ்ட் 31-ம் தேதி, தாயின் 70-வது பிறந்த நாளன்று, மகனை விடுதலை செய்து அனுப்பினார்கள். அதை விடப் பெரிய பரிசு ஒரு தாய்க்கு உண்டா?

அவர் ரோமில் கண்ட காட்சி ஒன்று உண்டு. உப்புக் காகிதத்தில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவித் தடவிப் பழகி வந்தார்கள். எழுது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு டிசம்பர் மாதத்து வெயிலில், மொட்டை மாடியில், சாக்குக் கட்டியோடு இருந்த ஐந்து வயதுப் பையன் திடீரென்று, எனக்கு எழுதத் தெரியும் என்று கூவிக் கொண்டு தரையில் ஒரு வார்த்தை எழுதினான். அந்த வார்த்தை என்ன தெரியுமா? 'கை!'

சனி: உங்கள் முறை

தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. அவற்றுக்காக அமைத்த பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்பதுதான். ஆனால் நாம் நோட்டைப் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தால், பாவம், ஆசிரியையும் நமக்குப் பயந்து பென்சிலை எடுத்து விடுவாள். காற்றாடி நின்று விடும்.

தேரி மணலுக்குப் பட்டணத்தில் எங்கே போவது? ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்புங்கள். விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, அது ஒரு நாளோடு ஏன் முடிய வேண்டும்? சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள். பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள். விரல்கள் பலப்படட்டும். பென்சில் எங்கும் ஓடி விடாது; அதன் வேளை வரும்போது கை தானாகவே அதைத் தேடும்.

திங்கட்கிழமை மறுபடி மூன்று மணிக்கு வாசலில் நிற்பீர்கள் அல்லவா? பையைப் பிறகு திறக்கலாம். முதலில் தலையிலிருக்கும் மணலைத் தட்டி விட்டு, "என்ன எழுதுன?" என்பதற்குப் பதிலாக, "என்ன செஞ்ச?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் உங்கள் உள்ளங்கையை விரித்து, சின்ன விரலால் நிற்கிற கோடு ஒன்றும் படுத்திருக்கிற கோடு ஒன்றும் இழுத்துக் காட்டுவாள்.

நோட்டில் இல்லாத அந்த 'ட' உங்கள் கையில் இருக்கும்.