உலோகம் கேட்கும் விலை

மே 16 சர்வதேச ஒளி நாள். 1960-இல் அதே தேதியில்தான் கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்தார். அந்த நாளுக்கான சிறப்புப் பக்கம் இன்றிரவு அச்சுக்குப் போகிறது. அதற்குள் தீர்த்தாக வேண்டிய குழப்பம் ஒன்று வாசகர் கடிதங்களில் இருக்கிறது. பச்சை ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டருக்கும் மேல். அதை உமிழும் ‘உலகின் மிகச் சிறிய லேசர்’ வெறும் 44 நானோமீட்டர் என்கிறார்களே, அது எப்படி அடங்கும்?

நியாயமான கேள்வி. அடங்கவில்லை என்பதுதான் பதில். 2003-இல் டேவிட் பெர்க்மனும் மார்க் ஸ்டாக்மனும் முன்வைத்த இந்தச் சாதனத்தின் பெயர் ஸ்பேசர். இதற்குள் பெருகுவது ஒளி அல்ல, பிளாஸ்மான். அதாவது உலோகப் பரப்பில் எலக்ட்ரான்கள் கூட்டாக அலைவது. அதிலிருந்து கசிந்து வெளியேறுவதைத்தான் பச்சையாகப் பார்க்கிறோம். லேசரின் அடிப்படை பள்ளிப் புத்தகத்திலேயே இருப்பதால் நேரே உலோகத்துக்கு வருகிறேன்.

வழக்கமான லேசரில் ஆற்றல் மின்புலத்திலிருந்து காந்தப்புலத்துக்கும், அங்கிருந்து திரும்ப மின்புலத்துக்கும் போய்வருகிறது. ஊஞ்சல் உச்சியில் சேர்த்துவைத்த ஆற்றல் அடியில் வேகமாக மாறி, மறுபடி உயரமாவதைப் போல. இடத்தை அலைநீளத்தில் பாதிக்கும் கீழே சுருக்கினால் காந்தப்புலத்தின் பங்கு வற்றிவிடும். மின்புலம் விடும் ஆற்றலை வாங்கிக்கொள்ள ஆளில்லை, அலைவு நீடிக்காது. அங்கேதான் தங்கமும் வெள்ளியும் உதவுகின்றன. அவற்றில் கட்டின்றித் திரியும் எலக்ட்ரான்கள் அந்த ஆற்றலைத் தங்கள் ஓட்டமாக வாங்கித் திருப்பித் தருகின்றன. காந்தப்புலம் பார்த்த வேலையை எலக்ட்ரான்கள் பார்க்கின்றன! இயற்பியலில் இவ்வளவு அழகான மாற்று ஏற்பாடு அதிகம் இல்லை.

ஆனால் ஓடும் எலக்ட்ரான்கள் மோதும். ஏறத்தாழ பத்து ஃபெம்டோ விநாடியில் அவற்றின் ஆற்றல் வெப்பமாகிவிடும். எல்லாப் பக்கமும் சுருக்கப்பட்ட துகளில் சராசரியாகப் பாதி ஆற்றல் எலக்ட்ரான்களிடமே இருக்கும் என்பதால், வடிவத்தை எப்படி மாற்றினாலும் இந்த இழப்பிலிருந்து தப்ப முடியாது. சுருங்க உதவியவையே ஆற்றலைத் தின்னவும் செய்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் குர்ஜின் இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருகிறார். நுண் லேசர் அறிவிப்புகளில் இந்தக் கணக்கு அரிதாகவே இடம்பெறுகிறது.

அந்த 44 நானோமீட்டர் துகளையே எடுத்துக்கொள்வோம். 2009-இல் மிகைல் நோகினோவ் குழுவினர் செய்தது; 14 நானோமீட்டர் தங்கக் கரு, சுற்றிலும் சாயம் ஏற்றிய சிலிக்கா ஓடு, உமிழ்வு 531 நானோமீட்டர். அதை இயக்கியது ஆய்வகத்திலிருந்த இன்னொரு துடிப்பு லேசர். அளந்ததும் தனித் துகளை அல்ல, திரவத்தில் மிதந்த துகள் கூட்டத்தை. சாதனை உண்மை, ‘மிகச் சிறிய’ என்ற அடைமொழிக்குத்தான் விளக்கம் தேவை.

அதே ஆண்டில் பெர்க்லியில் ஷியாங் ஜாங் குழு காட்மியம் சல்ஃபைடு இழையை வெள்ளியிலிருந்து 5 நானோமீட்டர் தள்ளிவைத்தது. அந்த இடுக்கில் புலம் குவிவதால் உலோகம் தின்பது குறைகிறது. 489 நானோமீட்டரில் ஒளி வந்தது, பூஜ்யத்துக்குக் கீழே 263 டிகிரி செல்சியஸைவிடக் கடுங்குளிரில். 2011-இல் அறை வெப்பநிலையிலும் முடிந்தது; அப்போதும் இயக்கியது வெளி ஒளிதான்.

இப்படியொரு சாதனம் லேசர்தான் என்று எதை வைத்து நம்புவது? பெரிய லேசரில் உள்ளிடும் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால் தொடக்க வரம்பு எனும் ஓரிடத்தில் வெளிவரும் ஒளி சட்டென்று எகிறும். நுண் லேசரில் தன்னிச்சையாக உமிழும் ஒளியும் பெரும்பாலும் அதே அலைவுக்குள் சேர்ந்துவிடுவதால் அந்தத் திருப்பம் மழுங்கிவிடுகிறது. ஆகவே ‘தொடக்க வரம்பே இல்லாத லேசர்’ என்ற அறிவிப்பைப் படித்தால், ஃபோட்டான்களின் புள்ளியியலை அளந்தார்களா என்று கேளுங்கள். ‘நேச்சர் ஃபோட்டானிக்ஸ்’ இதழும் லேசர் என்று உரிமை கோருவோரிடம் சரிபார்ப்புப் பட்டியல் கேட்கிறது.

மிச்சக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. ஸ்பேசர் கண்ணுக்குத் தெரியுமா? நிறம் தெரியும், துகள் தெரியாது.

கதிராகப் பாயுமா? ஒற்றைத் துகளிலிருந்து பாயாது. ஒளி பல திசைகளிலும் சிதறும்.

கணினிச் சில்லுக்குள் வருமா? மின்சாரத்தில், சூடேறாமல் ஓடட்டும், பிறகு பேசலாம்.

மருத்துவத்தில்? என் நம்பிக்கை இங்கேதான். 2017-இல் 22 நானோமீட்டர் ஸ்பேசர்களைப் புற்றுச் செல்களை அடையாளம் காட்டவும், அதே துகளின் வெப்பத்தால் அவற்றை அழிக்கவும் சோதித்திருக்கிறார்கள்.