பாட்டன் புதைந்த மண்

1913ஆம் ஆண்டு கொழும்பு அரசாங்க அச்சகம் ஒரு புத்தகத்தை வெளியிட்டது. இலங்கையிலுள்ள கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் பொறித்திருந்த எழுத்துகளை ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி ஊர் ஊராகத் தேடித் தொகுத்திருந்தார். ஒல்லாந்து உத்தியோகத்தர், ஆங்கிலேயப் படைவீரர், காய்ச்சலில் செத்த தோட்டத்துரை, அவருடைய மனைவி, கைக்குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் அதில் இடம் இருக்கிறது. கல்லறையே எழும்பாமல் போனவர்களைப் பற்றியும் அதில் குறிப்புகள் உண்டு. தன் இனத்தில் ஒருவர் இந்தத் தீவில் இறந்தார் என்றால், கல் இல்லாவிட்டாலும் எழுத்தாவது இருக்க வேண்டும் என்று ஓர் அதிகாரி நினைத்தார், அதற்காக உழைத்தார். நல்ல காரியம். 1976இல் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரித்தானியச் சங்கம் அதே வேலையை இன்றுவரை தொடர்கிறது. லண்டனில் இருக்கும் கொள்ளுப்பேத்தி ஒருத்தி தன் பூட்டன் இலங்கையில் எங்கே கிடக்கிறார் என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு பக்க எண் இருக்கிறது.

அந்தப் புத்தகம் அச்சேறுவதற்கு ஓராண்டு முன்புதான் களனிவெளி ரயில் இரத்தினபுரியை எட்டியிருந்தது. யட்டியாந்தோட்டைக்கு 1903இலேயே வந்துவிட்டது. றப்பருக்கு உலகமெங்கும் கிராக்கி. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் காடுகள் அழிந்து றப்பர் மலைகள் ஆயின. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்தில் கோப்பி பட்டுப்போன மலைகளில் தேயிலை எழும்பியது. அந்த வேலைக்குத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து வந்த சனம் இங்கேயே வாழ்ந்து இங்கேயே மாண்டது. அவர்களுக்கு லூயிஸ் போல ஒருவர் வாய்க்கவில்லை. இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று போற்றப்படும் ஜேம்ஸ் டெயிலர் 1892இல் லூல்கந்துரையில் இறந்தபோது, அவருடைய உடலைக் கண்டி வரைக்கும் முறை மாற்றி முறை மாற்றித் தோளில் சுமந்து போனவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள். மகையாவ மயானத்தில் டெயிலருக்கு எழுத்துப் பொறித்த கல் நிற்கிறது. சுமந்தவர்களில் ஒருவருடைய குழிகூட எங்கே என்று காட்ட ஆளில்லை.

கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சப்ரகமுவத் தோட்டங்களில் மயானம் அநேகமாக எதற்கும் உதவாத நிலத்தில்தான் அமைந்தது. பாறை மேடு, ஓடைக்கரை, காட்டு ஓரம், பக்கத்துத் தோட்டத்து எல்லை. கொழுந்தோ பாலோ தராத மண்ணைத் துரை அதற்கென்று விட்டுக்கொடுப்பார். எழுத்தில் ஒன்றும் இருக்காது. மேப்பிரிவுக்கு ஒன்று, கீழ்ப்பிரிவுக்கு ஒன்று என்று டிவிசன் டிவிசனாகப் பிரிந்திருக்கும். அந்தச் சிறு நிலத்துக்குள்ளும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய தோட்டங்கள் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும்.

சாவு விழுந்தால் முதலில் தப்புச் சத்தம் கேட்கும். அந்த அடியை வைத்தே எந்த லயத்தில் சாவு என்று எதிர்மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பி, கோடி வந்து, நீர்மாலை எடுத்து, மாரடித்து, ஒப்பாரி வைத்து, தேர் கட்டித் தூக்குவார்கள். பெண்கள் சந்தியோடு நின்றுவிடுவார்கள். கொள்ளிக்குடம் உடைத்து, பிடி மண் போட்டுக் குழியை மூடுவார்கள். மறுநாள் பாலூற்றப் போகும்போது தலைமாட்டில் ஒரு கல்லை நட்டு, பக்கத்தில் ஒரு குரோட்டன் கிளையையோ தென்னம்பிள்ளையையோ ஊன்றிவிட்டு வருவார்கள். அடையாளம் அவ்வளவுதான். பெயர் பொறிக்கக் காசும் இல்லை, எழுதத் தெரிந்தவரும் குறைவு.

எரிப்பதைவிடப் புதைப்பதே வழக்கமாக இருந்தது. பலருடைய ஊர் வழக்கம் அது. விறகும் தோட்டத்துச் சொத்து, கேட்டுத்தான் வாங்க வேண்டும். மழை வேறு. மழை கொட்டும் மாவட்டம் இரத்தினபுரி. குழிமேடு கட்டிய மண் இரண்டு மூன்று மாரியில் கரைந்து சமதரையாகிவிடும். அதற்குப்பிறகு அந்த இடத்தை நினைவு வைத்திருப்பது மரமும் கிழவியும்தான். “அந்தா தெரியிற பலா மரத்துக்குக் கீழ ஒன் பூட்டன், அவருக்குக் காலடியில ஒன் சின்னத்தாத்தா, இந்தப் பக்கம் பொறந்து மூணு நாள்ல போன பச்சப்புள்ள” என்று சொல்லிக் காட்ட ஒவ்வொரு லயத்திலும் ஓர் ஆள் இருந்தார். பச்சைப்பிள்ளைகளின் குழிகளே அதிகம். பிரசவத்தில் போன தாய்மார் ஒரு வரிசை. 1918இன் பெருங்காய்ச்சல், 1934-35இல் கேகாலையைக் கதிகலக்கிய மலேரியா போன்ற காலங்களில் குழி வெட்டியவர்களுக்குக் கை ஓயவில்லை.

கடல் தாண்டிப்போன மற்றத் தமிழர்களோடு இதை ஒப்பிட்டால் மனம் வலிக்கிறது. மொரீசியசுக்கும் பிஜிக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. ஆனாலும் ஒப்பந்தம் என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதம் இருந்தது: பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், வயது, கப்பலின் பெயர். மொரீசியசில் அந்தப் பதிவேடுகள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பேரன்மார் போய்க் கேட்டுத் தங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் கங்காணியோடு வந்தவர்கள். ஆளுக்கு ஆள் ஒப்பந்தம் கிடையாது. கங்காணியின் கடன் கணக்கில் ஒரு புள்ளி, கடன் துண்டில் ஒரு தொகை, செக்ரோல் என்ற வேலைப் பதிவில் ஒரு நம்பர், அவ்வளவே. துரைமார் பெயர்களைத் தோட்டம் தோட்டமாகப் பேர்குசன் டிரெக்டரியில் படிக்கலாம். தொழிலாளர் அதில் பெயராக வரமாட்டார்கள்.

பிறகு 1948 வந்தது. குடியுரிமைச் சட்டம் ஒருவரைப் பார்த்துக் கேட்டது: உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால் உன் தகப்பனைப் பெற்ற பாட்டனும் அவனுக்குத் தகப்பனான பூட்டனும் இங்கே பிறந்தார்களா? காட்டு. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயங்களில் பிறந்த சனம் எதைக் காட்டும்? சட்டம் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. எங்களிடம் இருந்தது இறந்த இடம். றப்பர் மரத்துக்கு அப்பால் பாட்டன் கிடந்தார், ஆனால் அவர் வாய் திறந்து சாட்சி சொல்ல வழியில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கு வைத்தது. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர்ப் பக்கத்தில் மறுபடி தேயிலைக்குள்ளேயே இறங்கினார்கள். அவர்களுடைய தாய் தகப்பன் இங்கே மண்ணுக்குள் இருந்தார்கள். சப்ரகமுவவுக்கு அதோடும் விடிவில்லை. 1977 இனக்கலவரத்தில் அடி விழுந்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத்து லயங்கள் தாக்கப்பட்டன, எரிந்தன. 1983இல் மறுபடியும். பல குடும்பங்கள் உடுத்த துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடின. குழிமேட்டைக் காட்டத் தெரிந்த கிழவியும் அவர்களோடு போனாள்.

அன்றைய மயானத்துக்கும் இன்றைய மயானத்துக்கும் உள்ள வித்தியாசம் போன உடனே கண்ணில் படும். முன்பகுதியில் புதிய கல்லறைகள்: சீமெந்து மேடை, டைல்ஸ், கறுப்புப் பளிங்கில் படம், பிறந்த திகதி, இறந்த திகதி. வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் அனுப்பிய காசில் எழும்பியவையும் அவற்றில் உண்டு. இறந்தபிறகாவது அம்மாவுக்குப் பெயரும் திகதியும் இருக்கட்டும் என்று நினைக்கும் பிள்ளையின் மனது அது. ஆடம்பரம் என்று அதைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் எட்டாத தோட்டங்களில் சிங்களத்தில் படித்து வளர்ந்த பிள்ளைகள் சிங்கள எழுத்திலேயே அப்பாவின் பெயரைப் பொறிக்கிறார்கள். அதையும் நான் குறை சொல்லமாட்டேன். பெயர் நிற்கிறது, அது பெரிது.

பின்பகுதிதான் நெஞ்சை அடைக்கிறது. அங்கே பழைய குழிகள் இருந்த இடம் பற்றைக்காடு. சில தோட்டங்களில் அதுவும் இல்லை. மறுநடுகைக்கு வரை போட்டபோது மயானத்தின் ஓரம் றப்பருக்குள் போனது. வேறு இடங்களில் முள்ளுத்தேங்காய் என்கிற எண்ணெய்ப்பனை வந்தது. காணிச் சீர்திருத்தத்தில் தோட்டம் துண்டானபோது மயானம் இருந்த துண்டு வேறு கைக்குப் போனதும் உண்டு. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. நிர்வாகங்கள் மாறின, துரைமார் மாறினார்கள், வாய்ச்சொல்லாய்க் கொடுத்த நிலத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லை. மழையும் மலையும் சேர்ந்து செய்யும் அழிவு வேறு. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியிலும் மலை சரிந்தபோது, களுபஹன தோட்டத்தில் லயத்தோடு ஆட்களும் புதைந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வருகிறார்கள். கிளிநொச்சியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிறார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை முடிவுக்கு வந்ததால், பாட்டனைச் சான்றாக எவருக்கும் காட்ட வேண்டிய தேவை இன்று இல்லை. அவர் யார் என்று தெரிந்துகொள்ளவே வருகிறார்கள். கையில் ஒரு தோட்டத்தின் பெயரும் ஒரு மனிதரின் பெயரும் மட்டும் இருக்கும். அந்தப் பெயர் இராமசாமி, கருப்பையா, மாரியாயி, மீனாட்சி என்று தோட்டத்துக்குப் பத்துப் பேருக்கு இருந்த பெயராகவே இருக்கும்.

அவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை என்பதே என் அனுபவம். மயானத்துக்குப் போவதற்கு முன் கோயிலுக்குப் போகவேண்டும். மாரியம்மன் கோயில் மணியிலும் வேலிலும் குத்துவிளக்கிலும் உபயம் செய்தவர் பெயரும் வருடமும் வெட்டியிருக்கும். பெயரில்லாத குழியில் கிடப்பவர் அங்கே பெயரோடு இருக்கலாம். அடுத்தது குடும்பத்துப் பெயர்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்த வழக்கத்தால், இன்றைக்கு அறுபது வயதில் இருக்கும் ஒருவரின் பெயர் நூறு வருடத்துக்கு முன் இறந்தவரின் பெயராக இருக்க வாய்ப்புண்டு. தோட்டத்தில் நடந்த சாவைத் தோட்ட நிர்வாகம் பதிவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் பழைய மரணப் பதிவேடுகளைத் தேடிப்பார்க்கக் கேட்கலாம். ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கர் பெயரை எப்படிச் சிதைத்திருப்பார் என்று முன்கூட்டியே யோசித்து, நாலைந்து விதமாக எழுதிக்கொண்டு போவது நல்லது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி இன்னும் இலகு. கத்தோலிக்கப் பங்குகளிலும், 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் வழிவந்த அங்கிலிக்கன் கோயில்களிலும் ஞானஸ்நான, அடக்கப் புத்தகங்கள் உண்டு.

இவ்வளவுக்கும் மேலே நிற்பது ஆட்களின் ஞாபகம். எந்த மரம், எந்த ஓடை, யாருடைய காலடியில் யார் என்பது எழுபது எண்பது வயதுக்காரர் சிலருடைய தலைக்குள் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு மாரிக்கும் அவர்களிலும் சிலர் குறைகிறார்கள்.

மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1954இல் தன் நெடுங்கவிதையில் இந்தக் கல்லறையற்ற மனிதர்களுக்காக அழுதார். 2023இல், எங்கள் சனம் இங்கே வந்து இருநூறு வருடமான நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, வழியில் மாண்டவர்களை நினைத்தோம். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்து லயத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் பொதுவில் நினைப்பது வேறு, இன்னாருடைய குழி இது என்று சொல்வது வேறு. எங்களுக்குக் குறைவாக இருப்பது இரண்டாவது.

தோட்ட மயானங்களை அளந்து, எல்லைக்கல் நட்டு, வரைபடத்தில் சேர்த்து, குத்தகையிலிருந்தும் மறுநடுகையிலிருந்தும் விலக்க வேண்டியது அரசின் பொறுப்பு. சப்ரகமுவவில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் வீட்டையும் சம்பளத்தையும் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள். அது நடக்கும்வரை காத்திருக்காமல் ஒரு வேலையை நீங்களே செய்யலாம். வருகிற தீபாவளிக்குச் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது, யார் யாருக்குப் போடுகிறோம் என்று வீட்டிலுள்ள பெரியவரிடம் கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிசன், பக்கத்தில் நின்ற மரம். ஒரு கொப்பியில் எழுதுங்கள், போனிலும் அவர் குரலைப் பதிந்து வையுங்கள். அவருக்கு நடக்க முடிந்தால் கையைப் பிடித்து மயானத்துக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இந்த வருடமே செய்யுங்கள்.