சென்னைக்கு எத்தனை மணித்தியாலம்?

கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒன்றேகால் மணித்தியாலம் என்பார்கள். பொய்யில்லை. கட்டுநாயக்கவுக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 650 கிலோமீற்றர்தான். இதை நம்பித்தான் புடவைக்கடைச் சகோதரர்கள் சிலர், "மூன்று நாளில் போய்ச் சரக்கு எடுத்து வந்துவிடலாம்" என்று திட்டம் போடுகிறார்கள். வெள்ளவத்தை வியாபாரிக்கு அந்தக் கணக்குச் சரி. நோர்வூட்காரருக்குச் சரிவராது.

நோர்வூட்டிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 90 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று வளைந்து இறங்கினால் 150 கிலோமீற்றருக்கு மேல் வரும். வேனில் ஐந்து மணித்தியாலம் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்தால் அல்லாஹ்தான் துணை. 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேகப் பாதை கடைசி 25 கிலோமீற்றரைச் சுருக்கித் தந்தது; மலைப்பாதை அப்படியேதான் இருக்கிறது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் மைதானத்துக்கு வந்தது ஹெலிகொப்டரில். நமக்கு வேன்தான். ஷாபி மத்ஹபில் கஸ்ருக்குரிய தூரம் 80 சொச்சம் கிலோமீற்றர். ஆகவே விமானத்தைக் கண்ணால் காணுமுன்பே நாம் முஸாபிர்.

இனிக் கணக்கைப் பாருங்கள். விமானம் காலை 10.30க்கு என்றால் 7.30க்கு அங்கே நிற்க வேண்டும். அப்படியானால் நோர்வூட்டில் இரவு 2.30க்குப் புறப்பட வேண்டும். நான் என்றால் 1.30க்கே கிளம்புவேன். மீனம்பாக்கத்தில் இறங்கிக் குடிவரவும் பயணப் பொதியும் முடிய ஒரு மணித்தியாலம், மண்ணடிக்குப் போக இன்னொரு மணித்தியாலம். மொத்தம் பதினொன்று, பன்னிரண்டு மணித்தியாலம். அதில் ஆகாயத்தில் இருப்பது ஒன்றேகால்தான். போகும் நாளும் வரும் நாளும் வழியிலேயே கழிந்தால், மூன்று நாள் பயணத்தில் சரக்குப் பார்க்கக் கிடைப்பது ஒரே நாள்.

டிக்கட்டில் உள்ள நேரத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். நாலரை மணித்தியாலப் பயணம் டிக்கட்டில் மூன்றாகத் தெரியும். பேங்கொக் ஒன்றரை மணித்தியாலம் முன்னால். மூன்றேகால் மணித்தியாலத்தில் போகும் இடம் ஐந்து மணித்தியாலம் போலத் தோன்றும்.

சென்னைக்கு இன்று இந்த வித்தியாசம் இல்லை. 2006 ஏப்ரலில் நம் நாடு இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டது. அதற்கு முன் பத்து வருடம் நாம் முன்னால் இருந்தோம். 1998 இல் தீபாவளிச் சரக்கோடு வந்து இறங்கிய நான், கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ள மறந்துவிட்டேன். ஆறுதலாகத் தேநீர் குடித்துவிட்டுக் கோட்டைக்குப் போனால் இரவுத் தபால் ரயில் போயிருந்தது. மூட்டைகளோடு மருதானையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, மறுநாள் வேன் பிடித்து ஊர் வந்தேன். அறைக் கூலியும் வேன் கூலியும் போக, தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்த அந்த முதல் நாள் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போனது.

இந்த முறை தீபாவளிக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் முந்திய நாளே இறங்கிக் கொழும்பில் தங்குங்கள். சென்னையில் இரண்டு முழு நாள் கிடைக்கும்படி டிக்கட் போடுங்கள். முற்பணம் கொடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது சரக்கு கடைக்கு வந்து சேர வேண்டும்.