பத்துக் கிலோ பிள்ளைக்கு எத்தனை மில்லி?

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பிரிக்பீல்ட்ஸ் ஆகட்டும் கிள்ளான் ஆகட்டும், வீட்டில் முதலில் தேடுவது பாராசிட்டமோல் சிரப்பைத்தான். பெயர் ஒன்று, வீரியம் ஒன்றல்ல. ஒரு புட்டியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து, இன்னொன்றில் 250 மில்லிகிராம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பார்த்தால் 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் போதும். முதல் புட்டியில் அது சுமார் 6 மில்லி. இரண்டாவதில் 3 மில்லிதான். புட்டி மாறினால் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

மருத்துவமனை வார்டிலும் இதே கணக்குதான், ஆனால் இன்னும் சிக்கலானது. பிள்ளைக்கு எடையைப் பார்த்து, பெருக்கி, பல வேளைகளில் பெரியவர்களுக்கான ஊசிமருந்தையே கரைத்துச் சிறு அளவாக எடுக்க வேண்டும். எடையைத் தவறாக எழுதினாலும், 1.0 என்பதை 10 என்று படித்தாலும் முடிந்தது. மருந்து கலக்கும் நேரத்தில் தொலைபேசி மணியடிக்கும், பக்கத்துக் கட்டிலில் பிள்ளை வீறிடும். எல்லாப் பழியையும் தாதியர் தலையில் போடுவது நியாயமில்லை.

மலேசிய மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டுகளில், தாதியர் மருந்து கொடுப்பதை நேரில் கவனித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. 857 முறை கொடுத்ததில் 100 முறை ஏதோ ஒரு பிழை. நேரம் தவறியதே அதிகம். மருந்து தயாரிப்பில் தவறியது அடுத்தது. உயிருக்கு ஆபத்தான பிழை எதுவும் அதில் இல்லை என்பது ஆறுதல்.

எப்போதும் அப்படி அமைவதில்லை. 2007இல் லாஸ் ஏஞ்சலஸில் நடிகர் டென்னிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகளுக்கு 10 யூனிட் ஹெப்பரினுக்குப் பதில் 10,000 யூனிட் வீரியமுள்ள மருந்து ஏறிவிட்டது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து அது. இரு புட்டிகளின் லேபிளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. குழந்தைகள் பிழைத்தது பெரிய விஷயம்.

பெற்றோர் பக்கமும் ஒரு குறை உண்டு. கிளினிக்கில் வாங்கிய மருந்தையும் பாட்டி கொடுத்த கசாயத்தையும், டாக்டர் ஏசுவார் என்று பயந்து பலர் சொல்வதில்லை. சிலர் வார்டில் மருந்து கொடுத்த பிறகும் கைப்பையில் உள்ள சிரப்பை ஊற்றுகிறார்கள். ஒரே மருந்து இரண்டு வழியில் சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

வார்டில் சேர்க்கும்போதே வீட்டு மருந்துப் புட்டிகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த மருந்து ஒவ்வாது என்று சொல்லுங்கள். எடையை ஞாபகத்திலிருந்து சொல்லாமல், அன்றே நிறுக்கச் சொல்லுங்கள். “இது என்ன மருந்து, எத்தனை மில்லி?” என்று தாதியிடம் கேட்கலாம், கேட்டால் கோபிப்பார்கள் என்ற பயம் வேண்டாம். வீட்டுக்குத் திரும்பிய பிறகு சமையலறைக் கரண்டியால் அளக்காமல், மருந்தகத்தில் தரும் அளவுக் குழலையே பயன்படுத்துங்கள்.