அரசறிவியல் விரிவுரையாளராக விரும்புவோருக்கு: விளம்பரம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

பல்கலைக்கழகப் பதவி வெற்றிடம் பத்திரிகையில் வந்த பின்னரே பலர் தகுதியைப் பார்க்கின்றனர். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

தகுதிகாண் விரிவுரையாளர் என்பதே நிரந்தர ஆளணியின் ஆரம்பப் பதவி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 1997 ஆம் ஆண்டு 721 ஆம் இலக்கச் சுற்றறிக்கையின்படி, உரிய துறையில் சிறப்புப் பட்டமும் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சித்தியுமே பிரதான தகுதி. யாழ்ப்பாணத்துக்கும் கிழக்குக்கும் இதே விதிதான்.

குடும்பச் சுமையால் மூன்று வருடப் பொதுப் பட்டத்துடன் வேலை தேடிப் போகும் பிள்ளைகளுக்கு இது தாமதமாகவே தெரியவருகிறது. அரசறிவியலைச் சிறப்புப் பாடமாக எடுப்பதா என்ற முடிவு, முதல் வருடப் புள்ளிகளுடன் தொடங்கும் விடயம். பெற்றோரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்தவர்கள் இப்போதே அவற்றை மீளப் பெறுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தையும், க.பொ.த. பெறுபேற்றுச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்தையும் நாடலாம். அரச பணியில் இருப்போர் திணைக்களத் தலைவர் ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கையொப்பத்துக்கும் நாட்கள் எடுக்கும். முடிவுத் திகதிக்குப் பின் கிடைக்கும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

நியமனம் கிடைத்தாலும் பயணம் முடிவதில்லை. உரிய காலத்துக்குள் பட்டமேற்படிப்பை முடித்தால்தான் பதவி உறுதியாகும்.