இசைக்கும் எந்திரம்

மரப்பொம்மை, ஆட்டுபவரின் கையசைவுக்கேற்ப ஆடும். பொம்மைக்குள் சிறு கணினி ஒன்றைப் பொருத்தினால், அது எழுதிக்கொடுத்தபடி நடக்கும். எழுதிக்கொடுத்தபடி பாடவும் செய்யும். அவ்வாறு எழுதப்படும் கட்டளைத் தொகுப்பே நிரல் எனப்படும்.

டென்மார்க் நாட்டின் லெகோ நிறுவனம் 1998ஆம் ஆண்டில் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்னும் ரோபோ பொம்மைத் தொகுப்பை வெளியிட்டது. சேமூர் பேப்பர்ட் என்னும் கணித அறிஞர் 1980இல் எழுதிய நூலின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. கணினி குழந்தையை இயக்கலாகாது. குழந்தையே கணினிக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆர்.சி.எக்ஸ். என்னும் மஞ்சள் நிறப் பெட்டியே அப்பொம்மையின் மூளை. கணினியில் எழுதப்பட்ட நிரல் அகச்சிவப்புக் கதிர் வழியாக அதனைச் சென்றடையும். ஒலியெழுப்பச் சிறிய ஒலிபெருக்கியும் அதனுள் உண்டு.

ஒலியும் எண்ணும்

ரோபோ அறிந்த மொழி எண்ணே. ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். நம் இசையில் அடிப்படைச் சுரத்தின் அதிர்வெண் பாடுவோர் குரலுக்கேற்ப மாறும். சுரங்களுக்கு இடையிலான விகிதமே இசையைக் காக்கிறது. பழந்தமிழர் ‘குரல்’ என்றழைத்த ‘ச’வை 240 ஹெர்ட்ஸ் எனக் கொண்டால், ‘இளி’ எனப்பட்ட ‘ப’ ஒன்றரை மடங்காகிய 360. மேல் ‘ச’ இருமடங்காகிய 480. இவ்வாறு சுரம் எண்ணாகிறது.

காத்திருக்கக் கற்பித்தல்

இப்பொம்மைக்கு நிரல் எழுதப் பயன்பட்ட என்.கியூ.சி. என்னும் மொழியில், ஒலிக் கட்டளைக்கு இரண்டு எண்கள் வேண்டும். முதல் எண் அதிர்வெண். அடுத்தது ஒலி நீடிக்கும் காலம். நொடியின் நூறில் ஒரு பங்கே கால அலகு. எனவே, ‘240, 50’ என எழுதினால் ‘ச’ அரை நொடி ஒலிக்கும்.

ஆயினும், ஓர் ஒலி முடியும்வரை நிரல் நிற்பதில்லை. உடனே அடுத்த கட்டளைக்குச் சென்றுவிடும். முந்தி வந்த ஒலிகள் ஒரு வரிசையில் காத்திருக்கும். அவ்வரிசையில் எட்டு ஒலிகளுக்கே இடமுண்டு. அது நிறைந்தபின் வரும் ஒலிகள் தொலைந்துவிடும், பாடலும் சிதையும். ஆகவே, ஒவ்வோர் ஒலிக் கட்டளைக்குப் பின்னும் ‘காத்திரு’ என்னும் கட்டளையை எழுத வேண்டும். ஒலிக்கு 50, காத்திருப்புக்கு 60 என அமைத்தால் இடையில் சிறு மௌனம் பிறக்கும். ஒரே சுரம் அடுத்தடுத்து இருமுறை வரும்போது, அதனை இரண்டாகக் கேட்கச் செய்வது அம்மௌனமே.

நடையும் பாட்டும்

ரோபோ நடந்துகொண்டே பாட வேண்டுமெனில் வேறொரு சிக்கல் எழும். இரண்டையும் ஒரே தொடராக எழுதினால், சுரத்துக்காகக் காத்திருக்கும் வேளையில் அது எதிரிலுள்ள சுவரைக் கவனியாது, மோதிவிடும். எனவே, நடத்தலை ஒரு பணியாகவும் பாடுதலை மற்றொரு பணியாகவும் பிரித்து எழுதுவர். ஆர்.சி.எக்ஸ். பத்துப் பணிகள்வரை ஏற்கும். கவனகர் ஒருவர் அவையில் பலருடைய வினாக்களையும் மாறிமாறிக் கவனத்தில் கொள்வதுபோல, ஒரே செயலி பணிகளை மிக விரைவாக மாறிமாறிக் கவனிக்கிறது. அதனால் அவை ஒருங்கே நிகழ்வதாகத் தோன்றுகின்றன. பாட்டு ஒலிக்கும்போதே கைப்பேசி குறுஞ்செய்தியைப் பெறுவதற்கும் இத்தகைய பணிப்பகிர்வே அடிப்படை.

செவியே ஆசான்

இக்கட்டளை ஒரு நேரத்தில் ஓர் அதிர்வெண்ணை மட்டுமே தரும். சுரம் வளைந்து நெளியும் கமகத்தை, நெருங்கிய அதிர்வெண்களைச் சிறுசிறு காலத் துண்டுகளாக அடுக்கி ஓரளவே காட்ட இயலும். எந்த இடத்தில் எவ்வளவு வளைய வேண்டும் என்பது எந்திரத்துக்குத் தெரியாது. எழுதுபவரின் செவிக்கே தெரியும். 360 என்பதற்கு மாறாக 380 என எழுதினாலும் ரோபோ தயங்காமல் ஒலிக்கும். அப்பிழையைக் கேட்டுணர்ந்து, உரிய வரியைக் கண்டு திருத்தும் மாணவர், இசையின் கணக்கையும் நிரலின் ஒழுங்கையும் ஒருங்கே கற்கிறார்.